எந்த ஊர் சாமி கூட வந்தீங்க?

காலை ஆறரை மணிக்குச் சேதராப்பட்டில் பஸ் ஏறினேன். புதுச்சேரி டவுனுக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபது ரூபாய். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். ஷிப்ட், மெஸ், ரூம். வேலை விஷயம் தவிர யாரிடமும் பேசிப் பல நாள் ஆகியிருந்தது. கண்ணை மூடிச் சாமி கும்பிட்டால்கூட உள்ளே மெஷின் சத்தம்தான். அதனால் ஒரு முடிவோடு கிளம்பினேன்: போனை அணைத்து ரூமிலேயே வைத்துவிட்டு, கடலோரமாக, ஒற்றை ஆளாக நடப்பது. மனசு தெளிந்தால் வேலையில் இருப்பேன். இல்லையென்றால் நாளைக்கே தர்மபுரிக்குப் பெட்டி கட்டிவிடுவேன்.

ஏழரை மணி, கடற்கரைச் சாலை. நான் நின்ற இடத்தில் மணலே இல்லை, கறுப்புப் பாறைகள். அலை வருகிறது, மோதுகிறது, முகத்தில் இரண்டு துளி தெறிக்கிறது, அவ்வளவுதான். கால் நனைக்க முடியாத கடல்! வடக்கே போனால் மணல் உண்டு என்றார் டீக்காரர். நடந்தேன். குருசுக்குப்பம் தாண்டும்வரை நினைத்தபடியே இருந்தது: இடப்பக்கம் வீடுகள், வலப்பக்கம் கடல், நடுவில் நான். உப்புக்காற்றில் மூச்சு கொஞ்சம் இறங்கி வந்தது.

அப்புறம் மேளச் சத்தம் கேட்டது.

வைத்திக்குப்பத்தில் மனிதத் தலைகளுக்கு இடையில்தான் கடலே தெரிந்தது. மாசி மகம். சுற்றுவட்டார ஊர்ச் சாமிகளெல்லாம் டிராக்டர் ஏறிக் கடலில் தீர்த்தமாட வரும் நாள். கம்பெனி லீவு என்றபோது எதற்கு லீவு என்றுகூட நான் கேட்கவில்லை! தனிமை தேடி வர வருஷத்தில் இதைவிடத் தப்பான நாள் கிடையாது.

வளையல் கடைக்காரர், "எந்த ஊரு சாமி கூட வந்தீங்க?" என்றார். மோர் ஊற்றியவரும் அதையே கேட்டார். அங்கே எல்லோருக்கும் ஒரு ஊர், ஒரு சாமி, ஒரு டிராக்டர் இருந்தது. ரூமில் கிடந்தபோதுகூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

மூன்றாவதாகக் கேட்டவர், ஓர் அம்மன் டிராக்டர் ஓரமாகப் புளிசாதம் பிரித்துக்கொண்டிருந்த செல்வி அக்கா.

"யார் கூடவும் வரலக்கா. சும்மா, தனியா நடந்து வந்தேன்."

"தனியாவா? ஏம்பா, சாமியே இங்க தனியா வரல. மேளம், டிராக்டர், நாங்க இத்தினி பேரு. நீ என்ன சாமியவிடப் பெரிய ஆளா?"

"உட்றி, பாவம். லவ் பெயிலியரா இருக்கும்" என்றார் அவர் கணவர்.

"அதெல்லாம் இல்லண்ணா." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று!

பதினொரு மணிக்கு மேல் அம்மனின் சூலத்தைக் கடலுக்குள் கொண்டுபோய் முக்கினார்கள். அதே அலையில் ஊரே விழுந்து முழுகியது. நானும் முழுகினேன். தண்ணீருக்குள் ஒரு நொடி. மேளம் இல்லை, மெஷினும் இல்லை. தேடி வந்தது அங்கே இருந்தது. தலையைத் தூக்கினால் மறுபடியும் இரைச்சல்.

மதியத்துக்கு மேல் சாமிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடலைப் பார்த்த எந்தச் சாமியும் அங்கேயே தங்கிவிடவில்லை.

"சேதராப்பட்டு தாண்டி மயிலம் ரோட்லதான் போறோம், ஏறிக்க" என்றார் செல்வி அக்கா. வழியெல்லாம் எல்லோரும் தூங்கி விழுந்தார்கள். நான் மட்டும் அம்மனின் முதுகைப் பார்த்தபடி விழித்திருந்தேன்.

தொழிற்பேட்டை முனையில் இறங்கி, டிராக்டர் மறையும்வரை நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தர்மபுரியில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே நாலு பேராவது "எப்ப வந்த?" என்பார்கள். இங்கே வாட்ச்மேன் மட்டும் என் உப்புப் பூத்த சட்டையைப் பார்த்து, "மாசி மகம் போனியா? எந்த ஊரு சாமி கூட?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது, அம்மன் எந்த ஊர் என்று நான் கேட்கவே இல்லை.

"செல்வி அக்கா ஊரு சாமி கூட" என்றேன்.

ரூம் பூட்டைத் திறந்தேன். சட்டையைத் துவைக்காமல் கொடியில் போட்டேன். போனை உயிர்ப்பித்து, காலை ஷிப்டுக்கு அலாரம் வைத்தேன்.