சீட்டு வராத கம்பி

சமயநல்லூர் யார்டுக்கு நான்தான் பொறுப்பு. வாடிப்பட்டியிலும் திருமங்கலத்திலும் எழும்பிக்கொண்டிருந்த இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் கம்பி, சிமென்ட், ஜல்லி எல்லாம் என் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். "பொம்பளைக்கு எதுக்கு யார்டு?" என்று இளித்தவர்கள்தான் இன்று என் கையெழுத்துக்கு நிற்கிறார்கள். நிற்கட்டும்.

சைட்டுகளுக்குள் கைமாற்று என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரு சைட்டுக்குக் கம்பி தீர்ந்தால் இன்னொன்றின் பங்கிலிருந்து எடுத்துக்கொண்டு, பிறகு திருப்புவார்கள். அடுக்களையில் சீனி கடன் வாங்குவதுபோல. அந்தப் பழக்கத்தில் ஒருமுறை நானும் ஏமாந்தேன். கம்பி தேறும் என்று சோதித்துச் சொல்லும் லேப் சீட்டு வருவதற்குள் கம்பியைக் கொடுத்து, கான்கிரீட்டும் போட்ட பிறகு, தேறவில்லை என்று பதில் வந்தது. நான்கு தூண்களை உடைத்தார்கள்.

அதனால்தான் அன்று வாடிப்பட்டி லாரி வந்தபோது கேட்டைத் திறக்கவில்லை. யார்டில் இருந்தது திருமங்கலத்துக்கு வந்த கம்பி. அதற்கும் சீட்டு வரவில்லை.

வாடிப்பட்டி இன்ஜினியர் போனில் கெஞ்சினார்.

"அக்கா, நாளைக்குக் கான்கிரீட்டு. இன்னைக்கே கம்பி கட்டணும். கைமாத்தாக் குடுங்க, அடுத்த வாரம் திருப்பிடுறேன்."

"சீட்டு வரட்டும் தம்பி."

லாரி டிரைவர் கேட்டை உலுக்கினார். "யக்கா, எம்புட்டு நேரம்தான் நிக்கிறது?"

"நில்லுங்கண்ணே. டீ சொல்றேன்."

அடுத்து மதுரை ஆபீஸிலிருந்து மேனேஜர். "கேட்டைத் தொறக்கிறியா, இல்ல நாளைக்கு வேற ஆளப் போடவா?"

வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். லாரி காலியாகத் திரும்பியது.

மறுநாள் மத்தியானம் சீட்டு வந்தது. கம்பி அருமையான கம்பி. ஒரு குறையும் இல்லை.

மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார். "பாத்தியா? நல்ல கம்பி. உன் வீம்புல கான்கிரீட்டு தள்ளிப்போச்சு. இப்ப என்ன சொல்ற?"

யார்டு ஆட்கள் எல்லாரும் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல கம்பின்னு நேத்து உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது சார். பிள்ளைங்க உக்காரப்போற கட்டடம். அடுத்த லோடையும் நிறுத்துவேன். ஆள மாத்துறதுன்னா இப்பவே மாத்துங்க."

அவர் மாற்றவில்லை. அடுத்த லோடு, சீட்டு வரும்வரை, மூன்று நாள் நின்றது.