கட்டிலில் படுக்காதவர்

ஒரத்தநாட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் போட்டிருந்தார்கள். மைக்ரோவேவ் அலைகளை வைத்துக் கட்டியைக் கண்டுபிடிக்கும் புதிய கருவியைக் கொண்டுவந்திருந்தார்கள். நடுவில் துளையுள்ள கட்டிலில் குப்புறப் படுத்து அசையாமல் கிடக்க வேண்டும். வலியில்லை. ஆனால் யாரோ என்னைப் பூட்டி வைத்ததுபோல மூச்சு முட்டியது.

கருவியை இயக்கிய பெண்மணி ஒல்லியாக, ஏறு நெற்றியோடு இருந்தார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் யாரையும் தொடுவார். நான் படுத்திருந்த நேரம் முழுக்க, வாய்க்காலில் தண்ணீர் வந்ததைப் பற்றியும் நடவைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்.

எழுந்து புடவையைச் சரிசெய்தபடி, "நீங்க பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நான் படுத்துட்டா மெஷினை யாருக்கா ஓட்டுறது?" என்று சிரித்தார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இடது பக்கம் ஒண்ணு தட்டுப்படுதுக்கா. இங்க பாத்தா, கூட வேலை பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சிடும். வெளிய போனா வீட்டுல கேப்பாங்க. பொண்ணுக்கு இப்பத்தான் மாப்பிள்ளை பேசி முடிச்சிருக்கு. அவங்க காதுக்குப் போனா என்ன ஆவும்?"

"தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நான் கூட வர்றேன். எனக்குத் துணைக்குப் போறதா வீட்டுல சொல்லிட்டு வாங்க" என்றேன்.

என் நம்பரைப் போனில் பதிந்துகொண்டார். அவர் நம்பரை நான் வாங்குவதற்குள் அடுத்த பெண் உள்ளே வந்துவிட்டாள்.

எனக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அவர் இன்னும் அழைக்கவில்லை. வேறு யாரோடாவது போய்வந்திருப்பார் என்று சில நாட்களில் நம்புகிறேன். ஆனாலும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், கொதிக்கும் உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் எடுக்கிறேன்.