பென் காராவின் புள்ளிக்கோடு

நம்பாவிட்டால் போங்கள். நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு பத்துக்கு, பென் காரா மலையில் எனக்கே நடந்தது இது. இன்றைக்கும் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைகளில் இருபத்திரண்டு வருடமாக மீட்புக் குழுவில் இருக்கிறேன். பென் காரா உச்சியிலிருந்து வடக்கே ஒரு பாதை இறங்குவதாகப் பழைய வரைபடத்தில் புள்ளிக்கோடு போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் புதியதிலும் போட்டிருக்கிறார்கள். அங்கே பாதையே கிடையாது. இருநூறு மீட்டர் செங்குத்துப் பாறை. மூட்டத்தில் அந்தக் கோட்டை நம்பி இறங்கி ஐந்து பேர் செத்தார்கள். கடைசியாகப் போனவளுக்கு வயது பத்தொன்பது. அவளைத் தூக்கி வந்தவள் நான். வரைபட அலுவலகத்துக்கு நான்கு கடிதம் போட்டேன். 'பழைய அளவையில் உள்ளது, நீக்க ஆதாரம் தேவை' என்று ஒரே பதில். நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஜென்மங்கள்! வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு அச்சுக்குப் போகிறது என்று தெரிந்ததும், கேமராவும் ஜிபிஎஸ்ஸுமாகக் கிளம்பிவிட்டேன். என் குழுவிலிருந்து ரூரியும் வந்தான்.

"நீ கோவத்துலயே ஏறிட்ட இஷ்பெல். எனக்குத்தான் மூச்சு வாங்குது."

"வாய மூடிட்டு நட. மூச்சு மிச்சமாகும்."

உச்சியில் மழையும் மூட்டமும் சேர்ந்து இறங்கின. ரூரி கற்குவியல் மறைவில் உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்தான். நான் மட்டும் பாறை விளிம்பைப் படம் எடுக்கப் போனேன்.

பின்னால் யாரோ எண்ணிக்கொண்டே வருவது கேட்டது. "முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது..."

ஒருவன் என்னைக் கடந்து போனான். தடித்த கம்பளிக் கோட்டு. கழுத்தில் தொங்கிய பலகையில் ஒரு தாள். கையில் பென்சில். மழை கொட்டுகிறது... தாளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நேராக விளிம்புக்கு நடந்தான்.

"யோவ், நில்லு! அங்க பாதை இல்ல!"

நின்றான். திரும்பவில்லை.

"தெரியும்."

"தெரிஞ்சுமா போற? மேப்புல கோடு இருக்குன்னா?"

"அந்தக் கோட்ட நான் போடல!"

அப்படியொரு கோபம் அந்தக் குரலில். என்னுடையதெல்லாம் ஒன்றுமே இல்லை.

அடுத்த அடியை வைத்தான்.

ஆள் இல்லை.

பென்சில் தாளில் உரசும் சத்தம்... சர்ர்ர்ர்...

கீழே... இன்னும் கீழே...

விழுந்த சத்தம் மட்டும் வரவில்லை.

மணி 2:14.

ரூரிக்கு என் குரல் மட்டும்தான் கேட்டதாம். மறுநாளே அலுவலகத்துக்கு நேரில் போய்க் கத்தினேன். முதன்முதலில் மலையை அளந்து வரைந்த தாளைக் காட்டாமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஃப்ரேயா என்ற பெண்தான் கடைசியில் எடுத்து வந்தாள். வெள்ளிக்கிழமை கோட்டை நீக்கினார்கள். என் படங்களுக்காக அல்ல, அந்தத் தாளுக்காக.

1874-ஆம் வருடத்துத் தாள். உச்சியிலிருந்து விளிம்பு வரை எத்தனை காலடி நடந்தான் என்று அளவையாளன் எழுதியிருந்தான். அதற்கப்புறம் எண்ணே இல்லை. வெறும் பென்சில் கோடு, கோணல்மாணலாக, தாளின் ஓரம் வரை.

"இது பாறைக்கு அடியில கெடச்சதுங்க," என்றாள் ஃப்ரேயா. "அவர் பொணத்தோட கழுத்துலேருந்து கழட்டுனது."

விழும்போது அவன் கை இழுத்த கோடு அது. அதன்மேல் மை பூசி, பாதை என்று நூற்றைம்பது வருடம் விற்றிருக்கிறார்கள்.