மணல் மூட்டைக்குப் பதிலாக நான்

எங்கள் வீட்டு மூன்று மருமகள்களில் நான் மூத்தவள். பெண்ணுக்குப் பூ வைக்கப் போனால் முதல் பூ மூத்தவள் கையால்தான். மூத்தவள் வந்து சேராவிட்டால் அடுத்தவள் வைக்கலாம். கீரமங்கலத்தில் இருக்கிற அந்த அடுத்தவள், என் ஓரகத்தி, நான் எப்போது பிந்துவேன் என்று கல்யாணம் ஆன நாள் முதலாகக் காத்துக்கிடக்கிறாள்.

கடைசிக் கொழுந்தன் பேரனுக்குத் திருக்கோகர்ணத்தில் பெண். பூ வைக்கிற அன்றைக்கென்று மாடு கறக்க விடாமல் உதைத்தது. கந்தர்வக்கோட்டை ரோட்டுக்கு நான் வருவதற்குள் பஸ் போய்விட்டது. பூக்கூடையோடு நின்றேன்.

அப்போது அந்த வெள்ளை பஸ் வந்தது. ஹைட்ரஜன் வாயுவிலிருந்து கரண்ட் உண்டாக்கி ஓடுகிற பஸ்ஸாம். புகை கிடையாது, பின்னால் தண்ணீர்தான் சொட்டும். சோதனைக்கு ஓட்டினார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிற்கும், கதவைத் திறக்கும், மூடும், போகும். ஆளை மட்டும் ஏற்றாது. ஆள் கனத்துக்குச் சீட்டிலெல்லாம் மணல் மூட்டை.

கதவு திறந்ததும் படியில் கால் வைத்தேன். உள்ளே கம்ப்யூட்டரோடு இருந்த இன்ஜினியர் பெண் பதறினாள்.

"அம்மா, ஏறாதீங்க, டெஸ்ட் பஸ்!"

"மண்ணு ஏறலாம், மனுசி ஏறக் கூடாதாக்கும்?"

"வெயிட் கூடினா, கேஸ் எவ்வளவு செலவாகுதுங்கிற கணக்கு தப்பாயிடும்மா."

"கூட்ட வேணாம்த்தா. ஒரு மூட்டைய எறக்கு, அந்த எடத்துல நான் ஒக்காந்துக்கிறேன்."

டிரைவர் சிரித்துவிட்டார். "ஏத்திக்கிருவோம் மேடம், எங்கூரு ஆத்தா" என்று அவரே ஒரு மூட்டையை இறக்கி டீக்கடை ஓரம் போட்டார். மூட்டைகளுக்கு நடுவே மகாராணி மாதிரி உட்கார்ந்தேன். குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை. வண்டி ஓடுகிறதா என்று ஜன்னலில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

திருக்கோகர்ணத்தில் எழுந்தபோது அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்க எறங்கினா ஒரு ஆள் வெயிட் குறையும்மா. டிப்போ வரைக்கும் வந்தாகணும். காலையிலேர்ந்து ஓட்டினது வீணாயிடும்."

"அடி ஆத்தி! மூட்டையா ஏறுனா மூட்டையாவே போகணுமா?"

அவள் கண் கலங்கியேவிட்டது. எனக்கோ பூ வைக்கிற நேரம் நெருங்குகிறது. வெளியே பார்த்தேன். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, தாம்பாளத்தோடு ஆட்டோ தேடிக்கொண்டிருந்தாள் என் ஓரகத்தி. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"ஏத்தா, இங்கிட்டு வா! ஏசி பஸ்ஸு, ஏறி ஒக்காரு."

"பொண்ணு வீட்டுப் பக்கம் போகுதாக்கா?"

"அங்கிட்டுத்தான், கொஞ்சம் சுத்திக்கிட்டுப் போகும்."

குளிர்காற்று முகத்தில் பட்டதும் ஏறிவிட்டாள். இன்ஜினியர் பெண் என் காதில், "இவங்க உங்கள விட வெயிட்டா இருப்பாங்க போலயே" என்றாள்.

"பாக்கத்தான் அப்படி. பாதி வாயிதான்த்தா" என்று சொல்லி இறங்கினேன். கதவு மூடியது. பஸ் ஓசைப்படாமல் போயே போய்விட்டது.

பெண்ணுக்கு முதல் பூவை நான் வைத்தேன். காபியும் குடித்து முடித்த பிறகுதான் ஓரகத்தி டிப்போவிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். மூச்சு வாங்கியது.

"பஸ்ஸு எப்படித்தா?"

"ஏசி நல்லாத்தேன் இருந்துச்சு, நாசமாப் போக."

இரண்டாவது பூவை எடுத்து அவளிடம் நீட்டினேன். என் கால் கட்டைவிரலை நன்றாக மிதித்துக்கொண்டே வாங்கினாள்.