கை தயங்கிய இடம்

லிஃப்ட்காரருக்கு ஐம்பத்து மூன்று வயது. சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அடுக்குமாடிக் கட்டடங்களில் பாதிக்கு அவர்தான் மாதாமாதம் லிஃப்ட்டைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "லிஃப்ட்காரர் வந்துட்டாரா?" என்று கேட்டால் வாட்ச்மேன் முதல் மொட்டைமாடியில் துணி உலர்த்துகிறவர்கள் வரை பதில் சொல்வார்கள்.

மனைவி இருந்தவரை வீட்டில் அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. இரண்டு பேர் பேச்சையும் அவளே பேசிவிடுவாள். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பியவர் கதவின் கைப்பிடியைத் தொட்டார். கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன, எதையாவது மறந்துட்டீங்களா?" என்றாள்.

"இல்ல... உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கிளம்புங்க, நேரமாகுது."

கிளம்பினார். மதியம் பக்கத்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டபோது அவர் ஒரு லிஃப்ட்டின் கூரைமேல் எண்ணெய்க் கையோடு நின்றிருந்தார். மாரடைப்பு என்றார்கள்.

அதற்குப் பிறகு கை எல்லா இடத்திலும் நிற்க ஆரம்பித்தது. அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து மூன்று தடவை திரும்பி வருவார். ஏறிய பஸ்ஸிலிருந்து காரணமே இல்லாமல் இறங்கிவிடுவார். எது மனசு சொல்வது, எது பயம் சொல்வது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். "சாப்பிட்டீங்களாப்பா?" "ம்." "உடம்பு?" "பரவால்ல." "சரி, வச்சிடறேன்." இரண்டு நிமிடம். அம்மா போன துக்கம், பேச வரவில்லை போல என்று அவரும் விட்டுவிட்டார்.

போன வருடம் கடைவாய்ப் பல் ஒன்று உயிரை வாங்கியது. மரத்துப்போக வைக்கும் ஊசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது, முகமே வீங்கிவிடும். பல் டாக்டரம்மா வேறு வழி சொன்னார்.

"ஹிப்னாடிசம்னு பேரு சார். மேஜிக் எதுவும் இல்ல. நான் உங்கள ஒண்ணும் செய்யப்போறதில்ல, நீங்களேதான் உங்களுக்குச் செஞ்சுக்கணும். கண்ண மூடி, ஒவ்வொரு படியா கீழ எறங்கற மாதிரி நெனச்சுக்கோங்க."

"படி வேணாம் டாக்டர். நான் லிஃப்ட்லயே எறங்கிக்கிறேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பத்தாவது மாடி, ஒன்பது, எட்டு என்று மூச்சோடு மூச்சாக லிஃப்ட்காரர் இறங்கினார். பல்லைப் பிடுங்கும்போது வலிக்காமல் இல்லை. ஆனால் வலி எங்கோ மூன்றாவது மாடியில் நின்றது. அவர் தரைத்தளத்தில் இருந்தார்.

பஞ்சைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "மனசுல படறதுக்கும் பயத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இது உதவுமா?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "தெரியல சார். தினம் செஞ்சு பாருங்க. ஏதாவது தோணுச்சுன்னா உடம்புல எங்க தோணுதுன்னு கவனிச்சு எழுதி வைங்க. அப்புறம் நடந்ததோட ஒத்துப் பாருங்க."

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து இறங்கினார். நோட்டுப் புத்தகம் போட்டார். முதல் மாதம் பத்தொன்பது குறிப்புகள், பதினெட்டு தப்பு. மனம் தளரவில்லை, அவருக்கு வேறு வேலையும் இல்லை. நாலைந்து மாதம் போனபின் ஒன்று புரிந்தது. தப்பானவை எல்லாம் அடிவயிற்றில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரி, போலீஸ் என்று நீளமாகக் கதை சொன்னவை. சரியான ஒன்றிரண்டு கையில் வந்தவை. அவை கதை எதுவும் சொல்லவில்லை.

ஒரு நாள் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. மோட்டார் அறையில் எல்லா அளவும் சரியாக இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். கை நின்றது. வயிற்றைக் கவனித்தார், சலனமே இல்லை. கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடி ஒன்பதிலிருந்து இறங்கினார். தரைத்தளத்தை எட்டும்போது காதில் கேட்டது. பிரேக் பிடிக்கும்போது 'டக்' என்று ஒரே சத்தம்தான் வர வேண்டும். இன்று அதற்கு முன்னால் இன்னொரு சின்ன சத்தமும் இருந்திருக்கிறது. காது வாங்கி வைத்திருந்ததைப் புத்தி கவனிக்கவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்தார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"எங்கம்மா எட்டாவது மாடியில வீல்சேர்ல இருக்காங்கய்யா! என்ன கோளாறுன்னு காட்டுங்க."

"இப்ப காட்ட முடியாது சார். பிரிச்சாத்தான் தெரியும்."

மேலதிகாரி போனில் கத்தினார். "ரீடிங் சரியா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் எதுக்கு நிறுத்தின?"

"சரியில்லன்னு படுது."

"'படுது'ன்னு ரிப்போர்ட்ல எழுத முடியுமாய்யா?"

"எழுத வேணாம் சார். நாளைக்குப் பிரேக்கப் பிரிப்போம். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

போனை வைத்துவிட்டு மோட்டார் அறையைப் பூட்டினார்.

மறுநாள் பிரித்தார்கள். பிரேக்கைத் தாங்கும் இரும்புப் 'பின்'னில் பாதிக்கு மேல் விரிசல். மேலதிகாரி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் மாடி ஏறிய கடுப்பில் குடியிருந்தவர்களும் லிஃப்ட்காரருக்கு முகம் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, "பின்ல விரிசல்" என்று சமையலறையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். கேட்க ஆள் இல்லாத வீட்டில் அந்தக் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

அன்றைக்குத்தான் முதல்முறையாக, நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி போன நாளின் அந்தக் காலைக்கு இறங்கிப்போகத் துணிந்தார். கதவு, கைப்பிடி, அவள். அவள் உட்கார்ந்திருந்தாள். காலை நேரத்தில் ஒரு நாளும் உட்காராதவள், நாற்காலியில் உட்கார்ந்து இடது தோளை வலது கையால் நீவிக்கொண்டிருந்தாள். அதை அவர் கண் பார்த்திருக்கிறது. கை சும்மா நிற்கவில்லை.

அழுது முடிக்க வெகுநேரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டாலும் மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் சத்தமே இல்லை. அந்த மௌனம் துக்கம் மட்டும் இல்லை என்று அவருக்குப் பட்டது.

"உனக்கு ஏதோ தெரியும், இல்லம்மா?"

"ஒரு வாரம் முன்னாடியே அம்மா சொன்னாங்கப்பா. மாடி ஏறினா நெஞ்சு அடைக்குதுன்னு. அப்பாகிட்ட சொல்லாத, பயந்துடுவார்னு சத்தியம் வாங்கிட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "ரெண்டு நிமிஷத்துக்கு மேல உங்ககிட்ட பேசினா உளறிடுவேனோன்னுதான்..."

"அழாதம்மா. உன் மேல தப்பில்ல," என்றார். இருவரும் போனை வைக்காமல் இருந்தார்கள்.

அடுத்த மாதம் மகள் வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். அவள் போனபின் வீடு பழையபடி ஆகிவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் இன்னும் தப்புகள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மட்டும் கால் மணி நேரமாக வளர்ந்திருக்கிறது.

போன வாரம் பேச்சுக்கு நடுவே அவள் இருமினாள். என்ன என்று கேட்டார். வெறும் சளிதான்பா என்றாள். சளிதான் என்று அவருக்கும் பட்டது. நம்பினார்.