தும்பை இலை எங்களுக்கு, பூ சேச்சிக்கு

அப்பாவுக்கு மூக்கடைத்துச் சில நாட்களாகியிருந்தன. மாநகராட்சியில் கால்வாய் வாருகிற வேலை. படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து சுவரில் சாய்ந்துகொள்வார். ஓணத்துக்கு முந்தைய துப்புரவு என்பதால் விடுப்பு கிடையாது, விடிகாலை போயே ஆக வேண்டும். சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரை பகலில் தூக்கத்தைக் கொடுத்தது, ராத்திரி கொடுக்கவில்லை. அவர் கொஞ்சம் தூங்கினால் போதும் என்பதைத் தவிர வீட்டில் வேறு பேச்சில்லை.

எனக்குக் காக்கநாட்டில் வேலை. திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே மூக்கடைப்புக்குத் தும்பை என்ன செய்யும் என்று போனில் அகப்பட்டதையெல்லாம் படித்தேன். இலைச்சாற்றை மூக்கில் விடுவார்களாம், பூவை நல்லெண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பார்களாம், இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பார்களாம். மூன்றையும் அன்றைக்கே செய்துவிடத் துடித்தேன். சாறு கீறு என்று எதையும் மூக்கில் ஊற்றக் கூடாது, ஆவி மட்டும் என்று அம்மா போனில் சொல்லிவிட்டாள்.

மட்டாஞ்சேரியில் இறங்கி நேராக எங்கள் சந்துக்குப் பின்னாலிருந்த இடிந்த கிடங்குக்குப் போனேன். சுவரோரம் தும்பை கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. அத்தனையையும் பிடுங்கி முடித்தபோது பக்கத்து வீட்டுச் சேச்சி கூடையோடு வந்தாள். நாளெல்லாம் நின்று இறால் உரித்த கை, வெளுத்து ஊறிக் கிடந்தது. மறுநாள் அத்தம், மாவேலி ராஜாவை வரவேற்க வாசலில் பூக்கோலம் போடத் தொடங்கும் நாள். முதல் நாள் பூக்களத்துக்கு அவள் வீட்டில் தும்பை மட்டும்தான் வைப்பார்கள்.

“மாவேலிக்கும் உன் அப்பனுக்கும் ஒரே செடியா மோளே?” என்றாள். சண்டை போடத் தெம்பில்லாத குரல்.

எண்ணெய் காய்ச்சப் பூ வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

“பூ எனக்கு, இலை உனக்கு. எண்ணெயெல்லாம் அடுத்த ஓணத்துக்குப் பாத்துக்கலாம்.”

எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து அவள் பூவைக் கிள்ளினாள், அம்மா அதே செடியில் இலையை உருவினாள். இருவருமே வேலை முடிந்து வந்தவர்கள். தும்பைப்பூ பொடிப்பூ. கிண்ணத்தின் அடி மறைவதற்குள் விரல் மரத்துவிடும். சேச்சிக்கு அடிகூட மறையவில்லை. எங்களுக்கு அதற்குள் ஒரு பானைக்கு இலை சேர்ந்துவிட்டது.

இலை கொதித்ததும் அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு பானையின் மேல் தலையைக் கவிழ்த்தார். வெகுநேரம் இருமலும் சீறலும்தான் கேட்டன. பிறகு உள்ளிருந்து சொன்னார்: “ஒரு பக்கம் திறந்துடுச்சு.”

“இன்னொரு பக்கம்?”

போர்வையை விலக்கிப் பார்த்தால், உட்கார்ந்தபடியே வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். தண்ணீரை மறுபடி சுடவைத்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நான் பானையைத் தூக்கப் போனேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஒண்ணு போதும். விடு.”

இருட்டிவிட்டது, பூ கண்ணுக்குத் தெரியவில்லை என்று சேச்சி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். நான் மெதுவாக வெளியே போய், போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.