தொட்டியின் அடியில் இருந்தது என்ன

அந்த டிரக்கின் இன்ஜினைக் கெடுத்தது நீங்கள்தான். அடையாற்றில் பெட்ரோல் பங்க் நடத்தும் உங்களைத்தான் சொல்கிறேன். கெடுத்ததோடு நிற்காமல் பழியை என் தலையில் போட்டீர்கள். காலையில் நடக்க வருகிறவர்கள் கூடும் அந்த மயிலாப்பூர் காபிக் கடை வாசலில் நின்று, "அந்தம்மா லேப்டாப்ப வச்சிக்கிட்டு இன்ஜின எரிச்சிட்டாங்க" என்று சொன்னீர்கள். சொன்னது அன்று மதியமே என் காதுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு, வருவதாகச் சொல்லியிருந்த வண்டிகள் என் பட்டறைக்கு வரவில்லை. போன் செய்தால் "அப்புறம் பாக்கலாம்" என்கிறார்கள். அந்த அப்புறம் எதுவென்று எனக்குத் தெரியும்.

என் பட்டறை ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கிறது. டியூனிங்தான் வேலை. பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் சேர வேண்டும், பொறி எப்போது விழ வேண்டும் என்று லேப்டாப்பில் பார்த்துப் பார்த்து வைப்பது. அந்த டிரக் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு திருநெல்வேலிக்காரருடையது. பின்பக்கம் திறந்த பழைய அமெரிக்க வண்டி, பெட்ரோலில் ஓடுவது. இன்ஜின் மேல் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும். பெல்ட்டில் சுற்றிக் காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும் சாதனம் அது. கடைக்காரருக்கு அந்த வண்டி மேல் தன் கடையை விடவும் பிரியம். ஞாயிற்றுக்கிழமை அதில் கடற்கரைச் சாலையில் போய் வந்தால்தான் அவருக்கு வாரம் முடியும்.

எல்லா பங்க்கிலும் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு அந்த வண்டி திணறியது. எத்தனால் கலந்தால் அதே காற்றுக்குக் கூடுதலாக எரிபொருள் வேண்டும். சாதாரண வண்டி கொஞ்சம் முக்கி முனகிச் சமாளித்துவிடும். காற்றைத் திணிக்கிற வண்டி சமாளிக்காது. எரிபொருள் குறைந்தால் பிஸ்டன் போய்விடும். அதனால் பெரிய பம்ப் போட்டேன். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மாற்றினேன். அவர் எப்போதும் பெட்ரோல் போடுவது உங்கள் பங்க்கில்தான் என்பதால், டியூனிங்குக்கும் உங்கள் பெட்ரோலையே கேனில் வாங்கி வந்தேன்.

எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பெட்ரோல் மேல் சுத்தமாகக் கிடையாது. ஒவ்வொரு கேனிலிருந்தும் கோடு போட்ட கண்ணாடிக் குழலில் கொஞ்சம் ஊற்றி, தண்ணீர் சேர்த்துக் குலுக்கி வைப்பேன். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேரும். அடியில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு ஏறியதோ அவ்வளவு எத்தனால். டியூனிங் முடியும் வரை அந்தக் கோடு ஒரே இடத்தில் நின்றது. வண்டியைக் கொடுத்தேன். கடைக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எம்மா, புலி மாதிரில்லா பாயுது!" என்று சிரித்தார்.

பிறகு மழை வந்தது. அடையாறு முழுக்க முழங்கால் தண்ணீர். மழை விட்ட மறுநாள் அவர் உங்கள் பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினார். பாலத்தில் ஏறும்போது வண்டி விக்கியது. அவர் மேலும் மிதித்தார். உள்ளே டகடகவென்று தட்டியது. அப்படியே நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டு ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "எம்மா, நீ என் வண்டியக் கொன்னுட்டியே."

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். முதலில் நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். பிளக்கைக் கழற்றினால் அதில் அலுமினியப் பொடி. ஒரு பிஸ்டனின் ஓரம் உடைந்திருந்தது. பம்ப்பைக் கழற்றி, கேன் பெட்ரோலில் ஓட்டி அழுத்தத்தை அளந்தேன். சரியாக இருந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்தேன். எல்லாம் சரி. டேங்க்கில் இருக்கும் பெட்ரோலைப் பார்க்கலாம் என்று குழாயைப் போட்டால், டேங்க் காலி.

இந்த ஊரில் பட்டறைக்கு வண்டி விடுகிறவர்களின் பழக்கம் இது. மெக்கானிக் பெட்ரோலைத் திருடிவிடுவான் என்று முன்கூட்டியே டேங்க்கை வடித்துவிட்டு அனுப்புவார்கள். நிரப்பிய டேங்க் என்றால் கேட்கவே வேண்டாம். என்னிடம் லட்சக்கணக்கான ரூபாய் பெறும் இன்ஜினை நம்பி ஒப்படைத்த மனிதர், பெட்ரோலை நம்பி விடவில்லை. பார்க்க வேண்டிய ஒரே பொருளை அந்தச் சந்தேகம் வடித்து எடுத்துவிட்டது.

மறுநாள் அவருடைய டிரைவர் வண்டியின் சாவியைக் கொடுக்க வந்தார். தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னாப்பா, நடந்து வர்றே?"

"நைட்லேந்து மக்கர் பண்ணிக்கினே கீதுக்கா. நாலு தபா உதைச்சா ஒரு தபா எழுந்துக்குது. தெரு முனைல புட்டுக்கிச்சி."

"எதுனா புதுசா ஊத்துனியா?"

"வேற இன்னாத்த ஊத்துவேன்? டிரக்லேந்து வடிச்சதுதான். வடிச்சா அது எனக்குன்னு மொதலாளியே சொல்லிக்கீறாரு. சொட்டு இல்லாம காய்ஞ்சி கெடந்த வண்டிக்கு நேத்து ஃபுல் டேங்க். ராஜா மாரி போலாம்னு பாத்தேன். இப்போ தள்ளிக்கினு வரேன்."

அங்கேயே அந்த ஸ்கூட்டரின் பெட்ரோலைக் கண்ணாடிக் குழலில் பிடித்தேன். நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. கலங்கலாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. அடியில் ஒரு கோடு வந்து நின்றது.

டிரைவர் குனிந்து பார்த்தார். "இன்னாக்கா இது, ரெண்டு மாடி கட்டிக்கினு நிக்குது?"

கீழ் மாடி தண்ணீரும் எத்தனாலும். மேல் மாடியில் எத்தனால் போய்விட்ட பலவீனமான பெட்ரோல். கீழே இருப்பதை இழுத்தால் இன்ஜின் விக்கும். மேலே இருப்பதை இழுத்து, காற்றையும் அமுக்கினால் நேரம் தப்பி வெடித்துத் தட்டும், பிஸ்டன் உடையும். பாலத்தில் நடந்தது இந்த இரண்டும்தான்.

குழலை எடுத்துக்கொண்டு உங்கள் பங்க்குக்கு வந்தேன். உங்கள் மேனேஜர் ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். கறை இல்லாமல் காய்ந்தது. "சுத்தமா இருக்கு பாருங்க மேடம்." அது கலப்படத்துக்கான சோதனை, தண்ணீரைக் காட்டாது. தண்ணீர் ஊற்றிக் குழலில் காட்டச் சொன்னேன். குழல் உடைந்துவிட்டதாம். என் குழலை நீட்டினேன். அதில் செய்ய அனுமதி இல்லையாம்.

நீங்கள் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தீர்கள். "ஏதோ ஸ்கூட்டர்ல புடிச்சத எடுத்துட்டு வந்து என் பெட்ரோல்னு சொன்னா எப்படிம்மா? பழைய ஸ்டாக் வித்தாச்சு. புது லோடு எறக்கியாச்சு" என்றீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன். டேங்கர் லாரியின் குழாயை மாட்டும் இடத்தில் இருக்கும் நிலத்தடித் தொட்டியின் மூடி, பங்க்கிலேயே தாழ்வான மூலையில் இருக்கிறது. அதைச் சுற்றி ஈரம் காயாத புது சிமெண்ட் பூச்சு. மழை வெள்ளம் வடிந்த பிறகு அந்த மூடிக்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?

கடைக்காரரைக் கூட்டிவந்து குழலைக் காட்டினேன். அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எம்மா, டிரைவரோட ஸ்கூட்டரும் மழையிலதான நின்னுச்சு? அதுல என்ன கெடந்துச்சோ, யாரு கண்டா?"

"அப்ப பிஸ்டன் ஏன் சார் உடைஞ்சிது?"

"அதத்தான் நீ தப்பா பண்ணிட்டன்னு பங்க்காரரு சொல்லுதாரு. எத்தன வருசமா காலைல என்கூட நடக்காரு அவரு. பொய் சொல்லுவாரா?" பிறகு வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அதன் மூக்கைத் தடவினார். குரல் இறங்கியது. "நாலு பேரு முன்னால அவரு வாயால சொல்லட்டும். ஒன் மேல தப்பு இல்லன்னு நான் ஒத்துக்கிடுதேன். நானே எல்லார்ட்டயும் சொல்லுதேன், பாத்துக்கோ."

அந்தக் குழலில் இருப்பது சாட்சிக்குப் போதாது என்று எனக்கும் தெரியும். உங்களுக்கு அது என்னை விடவும் நன்றாகத் தெரியும். அதனால்தான் தைரியமாக இருக்கிறீர்கள். டேங்க்கில் விட்ட பெட்ரோலை மெக்கானிக் எடுத்துக்கொண்டுவிடுவாள் என்று ஊரே பயப்படும். பூமிக்குள் கிடக்கும் தொட்டியைப் பற்றி உங்களிடம் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

நான் கேட்கிறேன். தினமும் காலையில் அளவுக் கோலின் நுனியில் பசை தடவித் தொட்டிக்குள் இறக்குவீர்கள். அடியில் தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறும். மழை விட்ட மறுநாள் காலை கோலை இறக்கினீர்களா, இல்லையா? இறக்கியிருந்தால் பசை என்ன நிறத்தில் வெளியே வந்தது? அதைப் பார்த்த பிறகும் விற்றீர்களா? அந்த மூடியைச் சுற்றி எதற்காக சிமெண்ட் பூசினீர்கள்?

என் பட்டறைக்கு வந்து தனியாகப் பேச வேண்டாம். போனும் வேண்டாம். என்னைப் பற்றிச் சொன்ன அதே காபிக் கடை வாசலில், உங்களோடு நடக்கிற அதே ஆட்கள் முன்னால், டிரக்கின் சொந்தக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். நானும் வந்து நிற்பேன். மழை விட்ட மறுநாள் உங்கள் தொட்டியின் அடியில் என்ன இருந்தது?